புதிய கம்ப்யூட்டருக்கு எந்தத் தலைமுறை?

சென்னை அண்ணா சாலையிலிருந்து பிரியும் ரிச்சி தெருவில் மாலை வேளையில் நடந்து போனால் ஒரு காட்சியைத் தவறாமல் காணலாம். கல்லூரியில் சேர்ந்திருக்கும் மகனும் அவனுடைய தகப்பனாரும் ஒரு கடையின் முன் நிற்பார்கள். மகன் கையில் ஒரு காகிதம் இருக்கும். புதிய கம்ப்யூட்டருக்கு வேண்டிய சாமான்களின் ஜாபிதா அது. கடைக்காரர் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "எந்த ஜெனரேஷன் போடலாம் தம்பி? போன ஜெனரேஷன் போதுமா, இல்லை புதுசே வேணுமா?" என்று கேட்பார். தகப்பனார் மகனைப் பார்ப்பார். மகன் காகிதத்தைப் பார்ப்பான்.

கேள்வி சிறியதுதான். ஆனால் அதில் அடங்கியிருக்கும் பணம் சிறியதல்ல. நடுத்தரக் குடும்பம் ஒன்று மேஜைக் கம்ப்யூட்டருக்காகச் செலவழிப்பது பல மாதச் சேமிப்பு. அந்த யந்திரம் ஆறேழு வருஷமாவது உழைக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமே. அது உழைக்குமா, உழைக்காதா என்பது பெரும்பாலும் கடை வாசலில் சொல்லப்படும் அந்த ஒரு பதிலைப் பொறுத்தே இருக்கிறது.

சமீப காலத்தில் இந்தக் கேள்விக்கு அவசரமும் சேர்ந்துவிட்டது. 2025-ம் வருஷம் அக்டோபர் 14-ந் தேதியோடு 'விண்டோஸ் 10' என்ற இயக்க முறைக்கு அளித்து வந்த வழக்கமான ஆதரவை மைக்ரோசாப்ட் கம்பெனி நிறுத்திவிட்டது. நன்றாக ஓடிக்கொண்டிருந்த எத்தனையோ பழைய யந்திரங்கள் ஒரே நாளில் 'காலாவதி' என்ற முத்திரை பெற்றன. அதே வருஷத்தின் கடைசி மாதங்களில் 'ராம்' என்னும் மெமரியின் விலை கிடுகிடுவென்று ஏறியது. டிசம்பரில் அமெரிக்க டாலரின் மதிப்பு 90 ரூபாயைத் தாண்டியது. பழையதை வைத்துக்கொள்ளவும் வழியில்லை, புதியதை வாங்கவும் கை நீளவில்லை என்ற நெருக்கடியில் பலர் இருக்கிறார்கள். ஆகவே, தலைமுறை என்று கடைக்காரர் கேட்கிறாரே, அது உண்மையில் என்ன என்று தெரிந்துகொள்வது நல்லது.

தலைமுறை என்றால் என்ன?

கம்ப்யூட்டரின் மூளையாக விளங்குவது பிராசஸர். மேஜைக் கம்ப்யூட்டர்களுக்கு இதைத் தருபவை முக்கியமாக இரண்டே கம்பெனிகள். ஒன்று இன்டெல், மற்றொன்று ஏ.எம்.டி. இரண்டும் அமெரிக்காவைச் சேர்ந்தவை. ஏறத்தாழ ஒன்று அல்லது இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை இவை புதிய வரிசை ஒன்றை வெளியிடுகின்றன. அந்த வரிசைக்கே தலைமுறை என்று பெயர்.

பெட்டியின் மேல் உள்ள எண்ணிலேயே தலைமுறை ஒளிந்திருக்கிறது. இன்டெல்லின் 'கோர் ஐ5 12400' என்பதில் முதல் இரண்டு இலக்கம் 12. ஆகவே அது 12-ம் தலைமுறை. 'ஐ7 7700' என்பது 7-ம் தலைமுறை. ஏ.எம்.டி.யின் 'ரைஸன் 5 5600' என்பது 5000 வரிசை. 'ரைஸன் 7 9800எக்ஸ்3டி' என்பது 9000 வரிசை. 2024 அக்டோபரில் இன்டெல் வெளியிட்ட மேஜைக் கம்ப்யூட்டர் வரிசையில் இந்த வழக்கம் மாறி, 'கோர் அல்ட்ரா 9 285கே' என்று புதுப் பெயர் வந்தது. 15-ம் தலைமுறை என்று ஒன்றைக் கடையில் தேடினால் கிடைக்காது.

இங்கே பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. 'ஐ7' என்றால் உயர்ந்தது, 'ஐ3' என்றால் மட்டம் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. ஒரே தலைமுறைக்குள் அது சரி. தலைமுறை மாறினால் அந்தக் கணக்கும் மாறிவிடுகிறது. 2017-ல் வந்த ஐ7 7700-ஐ விட 2022-ல் வந்த ஐ3 12100 வேகமானது. இரண்டிலும் இருப்பவை நான்கே கோர்கள்தாம். ஆனால் ஐந்து வருஷத்தில் ஒவ்வொரு கோரும் செய்யும் வேலை கூடிவிட்டது. பழைய ஐ7 ஒன்றை 'சல்லிசாகத் தருகிறேன்' என்று யாராவது நீட்டினால், எந்தத் தலைமுறை என்று முதலில் கேட்க வேண்டியது இதனால்தான்.

அன்று பாய்ச்சல், இன்று நடை

ஒரு காலத்தில் தலைமுறைக் கேள்விக்குப் பதில் சொல்வது சுலபம். புதியதை வாங்கு என்பதே பதில். இன்டெல் கம்பெனியை நிறுவியவர்களில் ஒருவரான கார்டன் மூர், 1965-ல் ஒரு கட்டுரை எழுதினார். ஒரு சில்லில் அடங்கும் உறுப்புகளின் எண்ணிக்கை வருஷத்துக்கு இரு மடங்காகும் என்று அதில் கணித்தார். 1975-ல் அதைத் திருத்தி, இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை இரு மடங்கு என்றார். 1971-ல் இன்டெல் விற்ற 4004 என்ற பிராசஸரில் இருந்த டிரான்சிஸ்டர்கள் சுமார் 2,300. 1993-ல் வந்த பென்டியத்தில் 31 லட்சம்!

வேகமும் அப்படியே ஏறியது. 1993-ல் பென்டியம் 60 மெகாஹெர்ட்ஸில் ஓடியது. 2000-ம் வருஷம் மார்ச் மாதம் ஏ.எம்.டி., இன்டெல் இரண்டுமே 1,000 மெகாஹெர்ட்ஸைத் தொட்டுவிட்டன. ஏழு வருஷத்தில் 16 மடங்கு! அந்த நாளில் மூன்று வருஷப் பழைய யந்திரம் உண்மையிலேயே கிழடுதான். அதைக் கட்டிக்கொண்டு அழுவதில் அர்த்தமில்லை.

பிறகு அந்த ஓட்டம் தளர்ந்தது. 2004-ல் பென்டியம் 4 எட்டிய வேகம் 3.8 கிகாஹெர்ட்ஸ். இருபது வருஷம் கழித்து, 2024-ல் வந்த 'ஐ9 14900கேஎஸ்' எட்டிய உச்ச வேகம் 6.2 கிகாஹெர்ட்ஸ். இருபது வருஷத்தில் இரு மடங்குகூட ஆகவில்லை. வேகத்தைக் கூட்டினால் உஷ்ணம் அதைவிட அதிகமாகக் கூடுகிறது. அதைத் தணிக்க வழி கிடைக்கவில்லை.

அப்படியானால் முன்னேற்றமே இல்லையா? இருக்கிறது. ஒரு துடிப்பில் செய்யும் வேலையைக் கூட்டினார்கள். ஒரே சில்லுக்குள் பல கோர்களை அடுக்கினார்கள். 2004-ல் ஒரு கோர் இருந்த இடத்தில் 14900கே-யில் 24 கோர்கள் இருக்கின்றன. ஏ.எம்.டி.யின் சொந்தக் கணக்குப்படி, 2020-ல் வந்த 'ஜென் 3' முந்தையதைவிட ஒரே வேகத்தில் 19 சதவிகிதம் கூடுதலாக வேலை செய்தது. 2022-ல் வந்த 'ஜென் 4' அதைவிட 13 சதவிகிதம். 2024-ல் வந்த 'ஜென் 5' அதைவிட 16 சதவிகிதம்.

இவை நல்ல முன்னேற்றங்களே. ஆனால் பரீட்சைக்குக் குறிப்பு எடுப்பவருக்கும், கடைக் கணக்கு எழுதுபவருக்கும், படம் பார்ப்பவருக்கும் 15 சதவிகித வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. மணிக்கணக்கில் வீடியோ வெட்டி ஒட்டுபவருக்குத் தெரியும். பெரிய வரைபடங்களைக் கணக்கிடும் என்ஜினீயருக்குத் தெரியும். ஒரு தலைமுறை பின்னால் நிற்பதால் உண்டாகும் நஷ்டம் எவ்வளவு என்பது வேலையைப் பொறுத்த விஷயம்.

புதியதெல்லாம் உயர்ந்ததா?

நஷ்டமே இல்லாத சந்தர்ப்பங்களும் உண்டு. சில சமயம் புதியது பழையதைவிடக் குறைந்தும் இருந்திருக்கிறது.

2020-ல் இன்டெல்லின் 10-ம் தலைமுறையில் உச்சியில் இருந்த 'ஐ9 10900கே'-க்குப் பத்து கோர்கள். மறு வருஷம் வந்த 11-ம் தலைமுறையின் 'ஐ9 11900கே'-க்கு எட்டுதான்! எண் ஏறியது, கோர்கள் இறங்கின. 2023 அக்டோபரில் வந்த 14-ம் தலைமுறை, 13-ம் தலைமுறையின் அதே அமைப்புதான். வேகத்தைச் சிறிது உயர்த்தினார்கள், ஐ7 14700கே-க்கு மட்டும் நான்கு சிறிய கோர்களைச் சேர்த்தார்கள். 2024-ல் வந்த கோர் அல்ட்ரா 200எஸ் வரிசை மின்சாரத்தை மிச்சப்படுத்தியது, கனமான வேலைகளில் நன்றாகவே உழைத்தது. ஆனால் விளையாட்டுகளில் 14-ம் தலைமுறையின் உச்சியை அதனால் வெல்ல முடியவில்லை.

13, 14-ம் தலைமுறைகளுக்கு நேர்ந்த கதையையும் வாங்குவோர் அறிந்திருக்க வேண்டும். அந்தத் தலைமுறைகளின் வலுவான பிராசஸர்கள் சில காலம் உழைத்தபின் காரணமின்றித் தடுமாறுவதாகவும், யந்திரம் நின்றுவிடுவதாகவும் புகார்கள் குவிந்தன. பிராசஸர் தேவைக்கு மேல் மின்னழுத்தத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டதே காரணம் என்று 2024 ஜூலையில் இன்டெல் ஒப்புக்கொண்டது. ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் திருத்தங்கள் வெளியிடப்பட்டன. பெட்டியில் வந்த பிராசஸர்களுக்கு உத்தரவாதம் மூன்று வருஷத்திலிருந்து ஐந்து வருஷமாக நீட்டப்பட்டது. எனினும் ஏற்கனவே கெட்டுப்போனதைத் திருத்தம் சரிசெய்யாது. ஆகையால், இந்த இரண்டு தலைமுறைகளின் உயர்ந்த ரகங்களைக் கைமாறிய சரக்காக வாங்குவதில் ஜாக்கிரதை வேண்டும். புதிதாக வாங்கினாலும், மதர்போர்டின் 'பயாஸ்' புதுப்பிக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டே உபயோகிக்க வேண்டும்.

பெட்டியில் அச்சிட்டிருக்கும் விருதுகளும் இப்படித்தான். 'ஏ.ஐ.' என்ற இரண்டு எழுத்து இப்போது எல்லாப் பெட்டியிலும் மின்னுகிறது. கோர் அல்ட்ரா 200எஸ் வரிசையில் ஏ.ஐ. வேலைக்கென்று தனிப் பகுதி ஒன்று உண்டு. அதன் திறன் விநாடிக்கு 13 லட்சம் கோடி கணக்குகள். ஆனால் மைக்ரோசாப்ட் தன் 'கோபைலட் பிளஸ்' வசதிகளுக்கு விதித்திருக்கும் குறைந்தபட்ச அளவு 40 லட்சம் கோடி! பெட்டியில் ஏ.ஐ. என்று இருக்கிறதே என்று நம்பி வாங்கினால் அந்த வசதிகள் கிடைக்கமாட்டா.

2017-ல் வாங்கிய இருவர்

தலைமுறை எண்ணைவிட முக்கியமான விஷயம் ஒன்று இருக்கிறது. அதை விளக்க, 2017-ம் வருஷத்தில் கம்ப்யூட்டர் வாங்கிய இருவரைக் கற்பனை செய்துகொள்ளலாம்.

முதலாமவர் அன்றைய உயர்ந்த சரக்கான ஐ7 7700-ஐ வாங்கினார். இரண்டாமவர் ஏ.எம்.டி. புதிதாகக் கொண்டுவந்த ரைஸன் 5 1600-ஐ வாங்கினார். இருவரும் செலவழித்தது ஏறக்குறைய ஒரே அளவு பணம் என்று வைத்துக்கொள்வோம். இருவருக்கும் டி.டி.ஆர்.4 ரக மெமரிதான்.

2021 அக்டோபரில் 'விண்டோஸ் 11' வந்தது. இன்டெல்லில் 8-ம் தலைமுறைக்கும் ஏ.எம்.டி.யில் ரைஸன் 2000 வரிசைக்கும் முந்தியவற்றை, ஒரு சில விதிவிலக்குகள் தவிர, மைக்ரோசாப்ட் ஏற்கவில்லை. ஆக, இருவருடைய பிராசஸரும் ஜாபிதாவுக்கு வெளியே! இதுவரை இருவர் கதையும் ஒன்றுதான்.

இனிமேல்தான் வித்தியாசம். முதலாமவர், "பிராசஸரை மட்டும் 8-ம் தலைமுறைக்கு மாற்றிவிடுகிறேன்" என்று கடைக்குப் போனால் கடைக்காரர் உதட்டைப் பிதுக்குவார். 2017 அக்டோபரில் வந்த 8-ம் தலைமுறை பிராசஸருக்கும் 1151 தொடுமுனைகள்தாம். அதே அளவுச் சாக்கெட்தான். ஆனால் பழைய மதர்போர்டில் அது வேலை செய்யாது. அதற்கென்று வந்த புதிய மதர்போர்டுதான் வேண்டும். ஒன்பது மாதம் முன்பு வாங்கிய மதர்போர்டுக்குக் கதவு சாத்தப்பட்டுவிட்டது.

இரண்டாமவர் கதை வேறு. அவருடைய மதர்போர்டின் சாக்கெட்டுக்கு 'ஏ.எம்.4' என்று பெயர். அதே சாக்கெட்டில் ரைஸன் 1000-லிருந்து 5000 வரை வரிசையாகப் பிராசஸர்கள் வந்தன. 2022-ல் பல மதர்போர்டு தயாரிப்பாளர்கள் பயாஸைப் புதுப்பித்து, 2017-ம் வருஷத்து மதர்போர்டுகளிலும் 5000 வரிசை ஓட வழி செய்தார்கள். அவர் மதர்போர்டை மாற்றவில்லை, மெமரியை மாற்றவில்லை, பிராசஸரை மட்டும் கழற்றிப் புதியதைப் பொருத்தினார். ஐந்து வருஷப் பழைய யந்திரம் விண்டோஸ் 11-க்குத் தகுதி பெற்றுவிட்டது. அவர் விளையாட்டுப் பிரியராக இருந்தால், 2022 ஏப்ரலில் வந்த 'ரைஸன் 7 5800எக்ஸ்3டி'-யையே பொருத்தியிருக்கலாம். சாதாரண 5800எக்ஸில் 32 எம்.பி.யாக இருந்த மூன்றாம் நிலை 'கேஷ்' நினைவகத்தை 96 எம்.பி.யாக்கி, விளையாட்டுகளில் அன்றைய உச்ச ரகங்களோடு போட்டியிட்ட பிராசஸர் அது.

இதில் கவனிக்க வேண்டிய சம்பவம் ஒன்று உண்டு. 2020 மே மாதத்தில் ஏ.எம்.டி. கம்பெனியே இந்தக் கதவைச் சாத்தப் பார்த்தது. அப்போது விற்பனையில் இருந்த 400 வரிசை மதர்போர்டுகளில் அடுத்த பிராசஸர்கள் ஓடா என்று அறிவித்தது. வாங்கியவர்கள் சும்மா இருக்கவில்லை. உலகெங்கும் கண்டனம் கிளம்பியது. அதே மாதத்திலேயே கம்பெனி தன் முடிவை மாற்றிக்கொண்டது. அதற்காக ஏ.எம்.டி.யைத் தரும தேவதை என்று எண்ணிவிட வேண்டாம். 2019 நவம்பரில் 'திரெட்ரிப்பர்' என்ற விலை உயர்ந்த ரகத்துக்காக அது கொண்டுவந்த சாக்கெட், ஒரே தலைமுறையோடு கைவிடப்பட்டது. கம்பெனி எதுவாயினும் அதன் வியாபாரம் அதற்கு. வாங்குபவர்தான் தம் நலனைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இருவர் கதையிலிருந்து விளங்குவது இதுதான்: கடையில் வாங்குவது பிராசஸர் மாத்திரமல்ல, ஒரு சாக்கெட்டையும் சேர்த்தே வாங்குகிறோம். பிராசஸரின் தலைமுறை இன்றைய வேகத்தைச் சொல்கிறது. சாக்கெட்டின் ஆயுள் நாளைய வழியைச் சொல்கிறது.

சுண்டைக்காய் கால் பணம்

சுண்டைக்காய் கால் பணம், சுமை கூலி முக்கால் பணம் என்பார்கள். பிராசஸர் விஷயத்திலும் சுமை கூலியைக் கவனிக்க வேண்டும். புதிய தலைமுறை பிராசஸருக்கும் பழைய தலைமுறை பிராசஸருக்கும் விலை வித்தியாசம் சில ஆயிரம் ரூபாய்தான் என்று தோன்றலாம். ஆனால் அதோடு வரும் மதர்போர்டும் மெமரியும் சேரும்போது கணக்கு வேறாகிவிடும்.

ஏ.எம்.4 சாக்கெட்டுக்கு டி.டி.ஆர்.4 மெமரி. 2022 செப்டம்பரில் வந்த ஏ.எம்.5 சாக்கெட்டுக்கு டி.டி.ஆர்.5 மட்டுமே. கோர் அல்ட்ரா 200எஸ் வரிசைக்கும் டி.டி.ஆர்.5 மட்டுமே. இன்டெல்லின் 12, 13, 14-ம் தலைமுறைகளுக்கு இரண்டு ரகத்திலும் மதர்போர்டு உண்டு. ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். ஒரு ரக மெமரி மற்றொன்றின் இடத்தில் நுழையாது; வெட்டு வேறிடத்தில் இருக்கும்.

மெமரி விலை ஏன் ஏறியது? உலகத்தின் மெமரிச் சில்லுகளில் பெரும் பகுதியைச் செய்பவை மூன்று கம்பெனிகள்: தென் கொரியாவின் சாம்சங், எஸ்.கே. ஹைனிக்ஸ், அமெரிக்காவின் மைக்ரான். ஏ.ஐ. ஆராய்ச்சிக்காகப் பெரும் பெரும் கம்ப்யூட்டர் நிலையங்களைக் கட்டும் கம்பெனிகள் இந்த மூன்றிடமும் மெமரியை மொத்தமாகக் கேட்கின்றன. அவர்களுக்கு வேண்டிய விசேஷ ரகத்தில் லாபம் அதிகம். தொழிற்சாலைகள் அந்தப் பக்கம் திரும்பின. வீட்டுக் கம்ப்யூட்டருக்கான சரக்கு குறைந்தது. 2025 டிசம்பரில் மைக்ரான், 'குரூஷியல்' என்ற பெயரில் பொதுமக்களுக்கு மெமரி விற்று வந்த தன் நெடுநாளைய வியாபாரத்தையே கைவிடுவதாக அறிவித்தது. நிலைமை எவ்வளவு முற்றிவிட்டது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

அப்படியானால் பழைய டி.டி.ஆர்.4-க்குப் போய்விடலாமே என்று சிலர் கேட்கலாம். அங்கும் நிம்மதி இல்லை. அந்த ரகத்தின் உற்பத்தியைக் குறைக்கப்போவதாகச் செய்தி பரவியதும், 2025-ன் நடுவில் அதன் மொத்த விலை சில சமயம் டி.டி.ஆர்.5-ஐயே தாண்டியது. ஆகவே 'பழைய ரகம் என்றால் மலிவு' என்ற பொது விதி இங்கே செல்லாது. ஆனால் ஒன்று நிச்சயம். வீட்டில் ஏற்கனவே நல்ல டி.டி.ஆர்.4 மெமரி வைத்திருப்பவர் ஒரு சிறு சொத்து வைத்திருக்கிறார். அதை அலட்சியமாகத் தள்ளிவிட்டு முற்றிலும் புதிதாகத் தொடங்குமுன் அவர் இரு முறை யோசிக்க வேண்டும்.

மின்சாரச் செலவும் சுமை கூலிதான். ஐ9 14900கே முழு மூச்சில் ஓடும்போது 253 வாட் வரை இழுக்க அனுமதி உண்டு. ரைஸன் 5 7600-க்குக் குறிக்கப்பட்டது 65 வாட். அவசரத்துக்குச் சிறிது கூடும். இரு யந்திரங்களுக்கு இடையே 100 வாட் வித்தியாசம் என்றும், தினம் ஐந்து மணி நேரம் கடும் வேலை என்றும் வைத்துக்கொண்டால், நாளுக்கு அரை யூனிட், மாதத்துக்கு 15 யூனிட். அந்த 100 வாட்டும் கடைசியில் உஷ்ணமாகி அறைக்குள்ளேயே தங்கும். சித்திரை மாதத்தில் இதன் பொருள் நன்றாக விளங்கும்!

யாருக்கு எது?

எல்லோருக்கும் ஒரே பதில் இல்லை. வாங்குவோரை நான்கு வகையாகப் பிரித்துப் பார்க்கலாம்.

ஏற்கனவே ஏ.எம்.4 யந்திரம் வைத்திருப்பவர்கள் முதல் வகை. இவர்கள் புதிய கம்ப்யூட்டர் வாங்கவே வேண்டியதில்லை. தங்கள் மதர்போர்டுக்குப் புதிய பயாஸ் இருக்கிறதா என்று பார்த்து, 5000 வரிசைப் பிராசஸர் ஒன்றைப் பொருத்தினால் போதும். இதுவே எல்லாவற்றிலும் சிக்கனமான வழி.

படிப்பு, கடிதம், கணக்கு, சினிமா, பாட்டு என்று சாதாரண உபயோகம் உள்ளவர்கள் இரண்டாம் வகை. இவர்களுக்கு இன்டெல் 12-ம் தலைமுறையின் ஐ3, ஐ5 ரகங்களே ஏராளம். ரைஸன் 5 5600ஜி-யும் அப்படியே. ஆனால் எண்ணுக்குப் பின்னால் வரும் எழுத்தைக் கவனிக்க வேண்டும். இன்டெல்லில் 'எஃப்' என்று முடிந்தால் படம் காட்டும் வசதி உள்ளே இராது. தனிக் கிராபிக்ஸ் கார்டு வாங்கியாக வேண்டும். ரைஸன் 5000 வரிசையில் 'ஜி' என்ற எழுத்து இருந்தால்தான் அந்த வசதி உண்டு. இதைக் கவனிக்காமல் வாங்கிவிட்டு, வீட்டில் கறுப்புத் திரையைப் பார்த்து விழித்தவர்கள் உண்டு. இந்த வகையினர் புதிய தலைமுறைக்குக் கொடுக்கும் கூடுதல் பணத்தை 16 ஜி.பி. மெமரிக்கும் நல்ல எஸ்.எஸ்.டி.க்கும் கொடுத்தால் பலன் கண்கூடாகத் தெரியும்.

விளையாட்டுப் பிரியர்கள், வீடியோ தொழில் செய்பவர்கள், என்ஜினீயரிங் மாணவர்கள் மூன்றாம் வகை. இவர்களுடைய தேவை வருஷா வருஷம் வளரும். ஆகையால் இவர்களுக்கு வழி திறந்த சாக்கெட் அவசியம். ஏ.எம்.5 சாக்கெட்டுக்கு 2027-க்கும் அப்பாலும் ஆதரவு தொடரும் என்று ஏ.எம்.டி. 2024-ல் வாக்குக் கொடுத்திருக்கிறது. முழுப் பணமும் இன்றே இல்லாவிட்டால், அந்தச் சாக்கெட்டில் ரைஸன் 5 7600 போன்ற சிறிய பிராசஸரை இன்று பொருத்திவிட்டு, மூன்று நான்கு வருஷம் கழித்துப் பெரியதை மாற்றிக்கொள்ளலாம். 2017-ல் இரண்டாமவர் செய்தது அதுதான். மெமரிக்கு இன்று கொடுக்கும் அதிக விலை, அந்த மெமரி அடுத்த பிராசஸருக்கும் உதவுவதால் ஓரளவு ஈடாகிவிடும்.

ஒரே தடவை வாங்கி, பெட்டியைத் திறக்காமலேயே கடைசி வரை உபயோகிப்பவர்கள் நான்காம் வகை. இவர்களுக்குச் சாக்கெட்டின் ஆயுள் பெரிய விஷயமல்ல. அன்றைய விலையில் எது லாபமோ அதை வாங்கலாம். கோர் அல்ட்ராவும் ஆகும், 14-ம் தலைமுறையும் ஆகும். மொத்தச் செலவும், உத்தரவாத காலமும்தான் இவர்கள் பார்க்க வேண்டியவை.

இவற்றுக்கெல்லாம் புறம்பாக இன்னொரு வழியும் உண்டு. விண்டோஸ் 11-க்குத் தகுதி பெறாத பழைய யந்திரம் நன்றாக ஓடுகிறதென்றால், லினக்ஸ் என்ற இலவச இயக்க முறையை அதில் நிறுவிக்கொள்ளலாம். இணையம் பார்ப்பது, கடிதம் எழுதுவது போன்ற வேலைகளுக்கு அது தாராளமாகப் போதும். புதியதற்குப் பணம் சேரும் வரையிலாவது பழையது கை கொடுக்கும்.

கிழடு என்று யார் சொல்வது?

இந்த விவகாரத்தின் அடியில் பெரிய கேள்வி ஒன்று இருக்கிறது. ஒரு யந்திரம் கிழடாகிவிட்டது என்று தீர்ப்புச் சொல்வது யார்? தையல் மிஷின் தேய்ந்தால் தேய்ந்தது தெரியும். சைக்கிள் துருப்பிடித்தால் கண்ணுக்குத் தெரியும். 2017-ல் வாங்கிய ஐ7 தேயவுமில்லை, துருப்பிடிக்கவுமில்லை. எங்கோ ஒரு கம்பெனி வெளியிட்ட ஜாபிதாவில் அதன் பெயர் விடுபட்டுப் போயிற்று, அவ்வளவுதான். பாதுகாப்புக்காகவே இந்த நிபந்தனைகள் என்று மைக்ரோசாப்ட் கூறுகிறது. அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்த நியாயத்தின் செலவு முழுவதையும் யந்திரத்தின் சொந்தக்காரரே ஏற்கிறார்.

கம்பெனிகளின் முடிவைத் தனி மனிதர் ஒருவரால் மாற்ற முடியாதுதான். ஆனால் அந்த முடிவால் தமக்கு வரும் சேதத்தைக் குறைத்துக்கொள்ள முடியும். ரிச்சி தெருவில் நிற்கும் தகப்பனாரும் மகனும், "பழசா, புதுசா?" என்ற கேள்விக்குப் பதில் சொல்லுமுன், கடைக்காரரிடம் மூன்று கேள்விகளைத் திருப்பிக் கேட்கலாம். "இந்த மதர்போர்டில் இதற்கு மேல் எந்தப் பிராசஸர் போகும்? மெமரியோடும் மதர்போர்டோடும் சேர்த்து மொத்தம் எவ்வளவு? உத்தரவாதம் எத்தனை வருஷம், அதற்கு யார் பொறுப்பு?"

மூன்றுக்கும் தெளிவான பதில் கிடைத்தால், தலைமுறை எண் தானாகவே விளங்கிவிடும். பதில் கிடைக்காவிட்டால், அந்தத் தெருவில் கடைகளுக்குப் பஞ்சமில்லை.